மதுரையைச் சுற்றி சைக்கிளில் கிளம்புவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மதுரையைச் சுற்றியிருக்கிற குன்று, கண்மாய், கால்வாய் என்று கிளம்பிவிடுவது என் பழக்கம். ஆபீஸிலும் சொந்தக்காரர் வீட்டிலும் பக்கத்துத் தெருவிலும் திரும்பத் திரும்ப வருவது அதே சந்தேகங்கள்தான், அதனால் மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

சைக்கிள்ல போறதுல என்ன அட்வென்ச்சர் இருக்கு? அதுக்குக் கொடைக்கானல் மாதிரி எங்கயாவது போகணும்ல?

கொடைக்கானலுக்குப் போய் இறங்கினால் டிராஃபிக்கில் நிற்கப் போகிறீர்கள். வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் யானைமலை, நாகமலை, சமணர்மலை, அழகர்மலை, திருப்பரங்குன்றம் என்று மதுரை முழுக்கப் பாறையும் குன்றுமாகத்தான் இருக்கிறது. இதில் பாதியை நாம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கை இன்னும் அப்படியே கிடக்கிறது, பக்கத்தில் போய் உட்கார டிக்கெட்கூட வேண்டாம்.

காரில் போனால் இந்த இடங்களெல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நடந்து போனால் ஒரு இடத்துக்குத்தான் போக முடியும். சைக்கிளில் என்றால் தூரமும் கிடைக்கிறது, வழியில் கண்மாயில் என்ன பறவை நிற்கிறது என்று பார்க்க ஒரு காலை ஊன்றினால் போதும். உங்கள் காலால் மிதித்துப் போய்ச் சேர்ந்த இடம் என்பதாலேயே அங்கே குடிக்கிற தண்ணீருக்குத் தனி ருசி, இதை நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

என்கிட்ட இருக்கறது பழைய ஹெர்குலிஸ் சைக்கிள். கியர் சைக்கிள் வாங்குனாத்தான் முடியுமா?

வாங்காதீர்கள், இப்போதைக்கு. மதுரையைச் சுற்றி மலை இருக்கிறதே தவிர ரோடு பெரும்பாலும் சமதளம்தான். குன்றுகள் தரையிலிருந்து திடீரென்று எழும்பி நிற்பவை, அடிவாரம் வரைக்கும் கியர் இல்லாமலே போய்விடலாம். பால்காரரும் வயல்வேலைக்குப் போகிறவரும் இதே ரோட்டில் அதே மாதிரி சைக்கிளில்தானே போகிறார்கள்.

முதலில் தெருமுனை சைக்கிள் கடையில் கொடுத்து ஓவராயில் பண்ணச் சொல்லுங்கள். பால்ரஸ் மாற்றி, ரிம் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டை புதிதாகப் போட்டு, செயினுக்கு எண்ணெய் விட்டாலே பழைய வண்டி வேறு வண்டியாகிவிடும். அப்புறம் சீட் உயரம். பெடல் கீழே இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நீள வேண்டும், முழங்கால் லேசாக மடிந்திருந்தால் போதும். முட்டி வலிக்கிறது என்று சைக்கிளை மூலையில் போட்டவர்களில் பலருக்குச் சீட் இரண்டு விரற்கடை இறங்கியிருந்ததுதான் நோய்.

சில மாதம் ஓட்டிய பிறகும் ஆசை குறையவில்லை என்றால் கியர் சைக்கிளைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் மெல்லிய டயர் ரேஸ் சைக்கிள் வேண்டாம், கண்மாய்க்கரை மண்ணில் அது நகராது.

முதல் தடவை எங்க போகலாம்? வழியோட சொல்லுங்க.

கீழக்குயில்குடி. காளவாசலிலிருந்து தேனி ரோட்டில் போய், நாகமலைப் புதுக்கோட்டை வருவதற்கு முன்னால் இடது பக்கம் திரும்ப வேண்டும், யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். நிதானமாக மிதித்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சமணர்மலை அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில் என்று இடமே அம்சமாக இருக்கும். சைக்கிளை அங்கேயே பூட்டிவிட்டுப் படியேறினால் பேச்சிப்பள்ளம், பக்கத்தில் ஒரு சுனை, பாறையில் வரிசையாக மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி. கிட்டத்தட்ட ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சிற்பங்கள், கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் செய்து கொடுத்தவர்களின் பெயர்.

மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. அங்கே ஒரே ஒரு பெரிய தீர்த்தங்கரர் (சமணர்கள் வணங்கும் குரு), குகைக்குள் தலைக்கு மேலே சின்னச் சின்னச் சிற்பங்கள். இரண்டையும் பார்க்க ஒன்றரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள், மேலேறி ஊரைப் பார்க்காமல் யாரும் இறங்குவதில்லை.

திரும்பும்போது அதே வழியில் வராமல் வடிவேல்கரை, விளாச்சேரி வழியாக வந்து பசுமலையில் ஏறுங்கள். விளாச்சேரியில் கொலுப் பொம்மை செய்கிறார்கள். புரட்டாசிக்கு முன்னால் போனால் வாசலெல்லாம் சாயம் பூசாத பொம்மைகள் வெயிலில் காயும். போன வழியிலேயே திரும்பாமல் வட்டமாக வருவதுதான் என்னுடைய ஒரே விதி, எங்கே போனாலும்.

ரோட்டை நெனச்சாலே பயமா இருக்கு. லாரி, பஸ்ஸெல்லாம் உரசிட்டுப் போறான்.

பயம் நியாயமானது. நாலு வழிச்சாலையைக் கூடியவரை தொடாதீர்கள். மேலூர் ரோடாகட்டும், திருமங்கலம் ரோடாகட்டும், சைக்கிளுக்கு அங்கே வேலை இல்லை. தவிர்க்க முடியாவிட்டால் சர்வீஸ் ரோட்டில் போய், கடக்க வேண்டிய இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை.

வழி கண்டுபிடிக்க கூகுள் மேப்பில் சாட்டிலைட் படத்தைப் போட்டுப் பாருங்கள். மதுரையைச் சுற்றி நீலமும் பச்சையுமாகக் கண்மாய்கள் தெரியும், ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு கரை உண்டு, பல கரைகளில் வண்டித்தடம் ஓடும். அதேபோல பெரியாறு பாசனக் கால்வாய் ஓரத்துத் தடங்கள். முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் வைகை வழியாக மேலூர் வரைக்கும் போகிற கால்வாய் இது, கரையில் மரநிழலும் உண்டு. மேப் சொல்கிற குறுக்கு வழி சில இடங்களில் யாருடைய தோப்புக்குள்ளாவது போய் முடியும். வேலி இருந்தால் உள்ளே போகாதீர்கள், ஆள் இருந்தால் கேட்டுவிட்டுப் போங்கள். பெரும்பாலும் "எங்கிட்டுப் போறீக?" என்று கேட்டுவிட்டு, நீங்கள் கேட்காத ஒரு வழியையும் சேர்த்துச் சொல்லி அனுப்புவார்கள்.

எத்தனை மணிக்குக் கிளம்பணும்? நம்ம ஊரு வெயிலுக்கு இது ஆகுமா?

ஆறு மணிக்குள் வீட்டு வாசலைத் தாண்டியிருக்க வேண்டும், பத்து மணிக்குள் வீடு திரும்பியிருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் ஐந்துக்கே கிளம்பி ஒன்பதுக்கு முடித்துவிடுவது நல்லது, மதுரை நாற்பது டிகிரியைத் தொடுகிற மாதங்கள் அவை. வெறும் பாறை சீக்கிரம் சுடும். ஒன்பதரைக்கு மேல் பாறையில் ஏறினால் காலணியையும் தாண்டி உறைக்கும்.

மார்கழியிலிருந்து மாசி வரைக்கும்தான் உண்மையான சீசன். மழை முடிந்து கண்மாயில் தண்ணீர் கிடக்கும், வயல் பச்சையாக இருக்கும், பனியில் யானைமலை பாதி தெரியாது.

நடுக்காட்டுல பஞ்சர் ஆனா என்ன பண்றது?

ஆனால் என்று கேட்காதீர்கள், ஆகும். சீமைக்கருவேலம் இருக்கிற ஊரில் பஞ்சர் ஆகாமல் யாரும் சைக்கிள் ஓட்டியதில்லை. கண்மாய்க்கரையில் வெட்டிப் போட்ட கருவேல முள் டயரை ஊடுருவிக்கொண்டு டியூப்பில் இறங்கும். வெட்டிப் போட்ட இடம் தெரிந்தால் இறங்கித் தூக்கிக்கொண்டு தாண்டிவிடுங்கள்.

கையில் ஒரு ஸ்பேர் டியூப், டயரைக் கழற்ற இரண்டு லீவர், சின்ன பம்ப், சக்கரம் நட்டுப் போட்டதாக இருந்தால் அதற்கான ஸ்பேனர். இவ்வளவு இருந்தால் இருபது நிமிட வேலை. டியூப்பை மாற்றும்போது பலரும் விடுவது ஒன்று உண்டு: டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும், முள்ளின் நுனி அங்கேயே குத்திக்கொண்டு நிற்கும். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் அடுத்த நூறு அடியில் மறுபடியும் காற்று இறங்கும். முதல் தடவையை வீட்டு வாசலில் செய்து பாருங்கள். தெரியாவிட்டால் பஞ்சர் கடையில் ஒட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தாலே பாதி வந்துவிடும்.

வேற என்ன எடுத்துட்டுப் போகணும்?

பஞ்சர் சாமான் மேலே சொன்னது. அதற்கு மேல் தண்ணீர் இரண்டு லிட்டராவது, உப்புக்கரைசல் பாக்கெட் ஒன்று, தொப்பி, சார்ஜ் உள்ள போன், சில்லறை. ஹெல்மெட் போடுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போக வேண்டாம், எந்த ஊர் விலக்கிலும் டீக்கடை இருக்கும், வடை சூடாகப் போடுகிற நேரத்துக்குத்தான் நீங்கள் போய்ச் சேருவீர்கள். காலை நேரத்தில் பருத்திப்பால் வண்டி கண்ணில் பட்டால் நிறுத்திவிடுங்கள், சுக்கும் கருப்பட்டியுமாக அதைவிட நல்ல எனர்ஜி டிரிங்க் எந்தக் கம்பெனியும் விற்கவில்லை.

நாய் துரத்துதே, என்ன செய்யறது?

வேகமாக மிதிக்கத்தான் தோன்றும், அதைச் செய்யாதீர்கள். ஓடுகிறதைத் துரத்துவது அதன் குணம். வேகத்தைக் குறைத்து, முடிந்தால் இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் அதற்கும் நடுவில் வைத்துக்கொண்டு, "ஏய், போ" என்று அதட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். அப்புறம் அதன் எல்லை முடிகிறவரை தள்ளிக்கொண்டே போங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். சின்னக் கீறல்தானே என்று விடக் கூடாது.

அரிட்டாபட்டி அரிட்டாபட்டின்னு சொல்றாங்களே, அங்க அப்படி என்ன இருக்கு?

முதல் தடவைக்கு வேண்டாம், நாலைந்து முறை சின்ன வட்டங்கள் போன பிறகு போங்கள். மதுரையிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர், போக வர ஐம்பதுக்கு மேல் ஆகிவிடும். ஏழு குன்றுகள், நடுவில் ஏரி, அடிவாரத்தில் ஊர். பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில் ஒன்று, அதில் சிவனின் ஒரு வடிவமான லகுலீசர் சிற்பம் இருக்கிறது, தமிழ்நாட்டில் அபூர்வமான ஒன்று. இன்னொரு பக்கம் குகைத்தளம், தமிழி என்கிற மிகப் பழைய தமிழ் எழுத்து, பாறையில் ஒரு தீர்த்தங்கரர். அண்ணாந்து பார்த்தால் வல்லூறு, ராஜாளி. பாறை இடுக்கில் கூடு கட்டி வாழ்கிறவை.

2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் பக்கத்து மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. 2024 கடைசியில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் இந்தப் பகுதியும் வந்து, மேலூர் சுற்று வட்டாரமே எழுந்து நின்று, சட்டமன்றம் தீர்மானம் போட்டு, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அதனால் ஊர்க்காரர்களுக்குத் தங்கள் மலையின் மேல் முன்னைவிட அக்கறை அதிகம், யார் வருகிறார்கள் என்று கவனிப்பார்கள். போனவுடன் ஊருக்குள் ஒரு டீ குடித்து, மலையைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு ஏறுங்கள். கோயில் பக்கம் செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். பறவைக் கூட்டைத் தேடிக்கொண்டு பாறை இடுக்குக்குப் போகாதீர்கள், ஸ்பீக்கரில் பாட்டுப் போடாதீர்கள்.

வழி என்றால், நாலு வழிச்சாலையைப் பற்றி மேலே சொன்னதால் மேலூர் ரோடு வேண்டாம். அழகர்கோவில் ரோட்டில் அப்பன் திருப்பதி வரை போய், வலது பக்கம் மாங்குளம் திசையில் திரும்பி, கேட்டுக் கேட்டுப் போங்கள்.

கல்வெட்டெல்லாம் எனக்குப் படிக்கத் தெரியாது. போய் நின்னு என்னத்தப் பாக்கறது?

படிக்கத் தெரிய வேண்டாம், ஒரு கதை தெரிந்தால் போதும். மாங்குளத்துக் கழுகுமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1882-ல் ராபர்ட் சீவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தக் கல்வெட்டுகளைப் பார்த்துப் பதிவு செய்தார், ஆனால் அதில் என்ன இருக்கிறது என்பது பிடிபட ரொம்ப காலமானது. 1960-களில்தான் கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் அதில் நெடுஞ்செழியன் என்ற பெயரைப் படித்துக் காட்டினார். சங்கப் பாட்டில் மட்டும் கேட்ட ஒரு பாண்டியப் பெயர், கிறிஸ்து பிறப்பதற்கும் முந்தைய பாறையில். கணி நந்தன் என்ற துறவிக்கு அந்த அரசனின் ஆட்கள் படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தி அது.

அதே மலையில் இன்னொரு கல்வெட்டு வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழுவைச் சொல்கிறது. அந்த வெள்ளறைதான் இன்றைய வெள்ளரிப்பட்டி என்கிறார்கள் ஆய்வாளர்கள். மேலூர் ரோட்டில் பஸ் நிற்கிற அதே வெள்ளரிப்பட்டி! படுக்கையில் உட்கார்ந்து அந்தத் திசையைப் பாருங்கள், வியாபாரி எந்தப் பக்கமிருந்து மலையேறியிருப்பான் என்று தோன்ற ஆரம்பித்துவிடும். எழுத்தின் மேல் சாக்பீஸ் தேய்த்துப் போட்டோ எடுக்கிற வேலை மட்டும் வேண்டாம். ஏற்கெனவே காதலர் பெயர்கள் போதுமான அளவு இருக்கின்றன.

பத்து வயசுப் பையன் கூட வரேங்கறான். எங்க கூட்டிட்டுப் போறது?

வைகைக் கரை. கோச்சடை, துவரிமான், மேலக்கால் என்று ஆற்றின் தென்கரையில் போகிற ரோடு. ஒரு பக்கம் நாகமலை கூடவே வரும், இன்னொரு பக்கம் தென்னந்தோப்பும் வயலும். சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்களை உள்ளே கேட்டுவிட்டுப் போய்க் காட்டுங்கள், வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே ஈரக் குளிர்ச்சி. அந்த வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. திரும்பும் வழியில் திருவேடகம், சம்பந்தர் போட்ட ஏடு வைகையை எதிர்த்து நீந்தி வந்து நின்ற இடம் என்று கதை. பையனுக்கு அந்தக் கதை பிடிக்கும். அவனுக்கு முழு வட்டமும் அதிகம் என்றால் துவரிமானோடு திரும்பிவிடுங்கள், அழுதுகொண்டு திரும்பிய பையன் அடுத்த வாரம் வர மாட்டான்.

இன்னொன்று கீழடி. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் பிள்ளைகளுக்கு நிச்சயம் பிடிக்கும், ஆனால் ராமேஸ்வரம் ரோட்டு வண்டிகளுக்கு நடுவே பையனை ஓட்ட விடாதீர்கள், விரகனூர் தாண்டி உள்ரோடுகளாகப் பார்த்துப் போங்கள்.

பொண்ணுங்க தனியாப் போகலாமா? வீட்ல விடமாட்டேங்கறாங்க.

நானும் தனியாகப் போகிறவள்தான், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். கிராமத்து ரோட்டில் காலையில் தனியாகப் போவதில் எனக்குப் பயம் இல்லை, பால் வண்டியும் வயலுக்குப் போகிற அக்காமார்களும் இருப்பார்கள். முதல் தடவை "ஒத்தையிலயா வந்த?" என்று கேட்பார்கள், மூன்றாவது தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத குகைத்தளங்களுக்கு மட்டும் நான் தனியாக ஏறுவதில்லை, அங்கே காலி பாட்டில்கள் கிடப்பதைப் பார்த்தாலே யார் வந்து போகிறார்கள் என்று தெரிந்துவிடும். அந்த இடங்களுக்கு இரண்டு பேராவது சேர்ந்து போங்கள், ஆண்களுக்கும் இதையே சொல்வேன்.

வீட்டில் லைவ் லொகேஷன் அனுப்பிவிட்டுப் போங்கள். ஒரு தடவை அம்மாவையோ அத்தையையோ வண்டியில் அழைத்துப் போய் இடத்தைக் காட்டினால் பாதிச் சண்டை குறையும்.

மழை பெஞ்சா போகலாமா?

மழைக்கு மறுநாள் அருமை, மழையன்று வேண்டாம். பாசி பிடித்த பாறை ஈரத்தில் வழுக்கும், களிமண் கரையில் சேறு மட்கார்டுக்குள் அடைத்து சக்கரமே சுற்றாது. ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கிற சாயங்காலம் மொட்டைப் பாறையில் நிற்கக் கூடாது.

மழை முடிந்தால் மேலூர்ப் பக்கத்துப் பழைய கிரானைட் குவாரிகளில் பச்சை நிறத்தில் தண்ணீர் நிற்கும், போட்டோவுக்கு அழகு, குளிக்க இறங்காதீர்கள். செங்குத்தாக வெட்டிய பள்ளம் அது, கால் வைக்கக் கரையே கிடையாது.

பாம்பு, தேனீயெல்லாம் இருக்குமே?

இருக்கும். பாறை இடுக்கில் கையை விடாமலும், புல்லில் பார்த்துக் கால் வைத்தும் நடந்தால் பாம்பு அதன் வழியில் போய்விடும். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, பச்சிலை என்று நேரத்தைக் கொல்லாமல், காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும்.

எனக்குப் பாம்பைவிட மலைத்தேனீக்குத்தான் பயம். பாறைச் சரிவில் பெரிய அடை தொங்கினால் அதன் கீழே நின்று சத்தம் போடுவதும் புகைப்பதும் கல் எறிவதும் கூடாது. கலைந்துவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுவதுதான் ஒரே வழி.

இதெல்லாம் போயாச்சு. அடுத்து பெருசா ஏதாவது?

சிறுமலை. திண்டுக்கல்லில் முதல் நாள் போய்த் தங்கிவிட்டு, விடிந்ததும் ஏறுங்கள், 18 கொண்டை ஊசி வளைவுகள். பழைய ஹெர்குலிஸில் இது தள்ளுகிற வேலைதான், இந்த ஒரு இடத்துக்குக் கியர் வேண்டும் என்று ஒத்துக்கொள்கிறேன். அடிவாரத்தில் வனத்துறை சோதனைச்சாவடி இருக்கிறது, அங்கே சொல்லிவிட்டு ஏற வேண்டும், இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும், காட்டுமாடு நடமாடுகிற மலை.

ஏறுவதைவிட இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கலாம், முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி விட்டுப் பிடியுங்கள், நாலைந்து வளைவுக்கு ஒரு தடவை நின்று ஆறவிடுங்கள். கிளம்புவதற்கு முன்னால் பிரேக் கட்டையைப் பார்த்துவிடுங்கள், தேய்ந்திருந்தால் மலை மேல் கடை கிடையாது. மேலே சிறுமலை வாழைப்பழம் வாங்குங்கள், சின்னதாக, தோல் கறுத்து, பார்க்க நன்றாக இருக்காது, அதைத்தான் வாங்க வேண்டும்.